சட்டை உரித்த கிருமி

நீலகிரி மலை ரயிலில் குன்னூரைக் கடந்து, வெலிங்டன் நிலையத்தில் இறங்கி மேட்டை நோக்கி நடக்கிறவர்கள், மதராஸ் ரெஜிமெண்டின் நெடிய படைவீடுகளைக் கண்டு அவற்றின் கம்பீரத்தை வியந்து நிற்பதுண்டு. ஆனால் சமவெளியில் இருக்க வேண்டிய சேனையின் பாசறை, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில், மேகம் தவழும் இந்தக் குன்றின்மேல் ஏன் எழுந்தது என்று கேட்பவர் சிலரே. அக்காலத்தில் இவ்விடத்திற்கு ஜக்கதளா என்று பெயர். பக்கத்துப் பேரூர் இன்றும் ஜெகதளா என்றே வழங்குகிறது. 1850களில் ஆங்கிலேயப் படைவீரர்களுக்காக இங்கே படைவீடுகள் கட்டி, பின்னர் வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். காரணம் யுத்தத் தந்திரம் அன்று; வியாதி. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1863-இல் அறிக்கை தந்த அரச கமிஷன், ஆயிரம் வீரர்களுக்கு ஆண்டுதோறும் 69 பேர் மாண்டு வந்ததாகக் கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது எதிரியின் துப்பாக்கியன்று. காய்ச்சலும் சீதபேதியும் காலராவுமே. தாழ்ந்த நிலத்திலிருந்து எழும் துர்வாடையே இந்நோய்களைப் பரப்புகிறது என்று அன்றைய வைத்தியர்கள் உறுதியாக நம்பியதால், காற்று தெளிந்த மலையைத் தேடி ஏறி வந்தார்கள்.

அவர்கள் அஞ்சியது காற்றை. பிறகு வந்த தலைமுறை அஞ்சியது கிருமியை. இன்று ஆராய்ச்சிக் கூடத்தில் அமர்ந்திருப்பவர்களோ, கிருமியின் பெயரைக் கேட்டதோடு திருப்தியடைவதில்லை. அக்கிருமி எந்த நஞ்சைச் செய்ய வல்லது, அந்நஞ்சைச் செய்யும் கட்டளை அதன் உடலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதே கட்டளை வேறு எந்த ஊரின் எந்தக் கிருமியில் எழுத்து மாறாமல் காணப்படுகிறது என்பதையே முதலில் கேட்கிறார்கள். அந்தக் கட்டளைதான் நச்சு மரபணு. அதைக் கண்டுபிடிப்பதும் ஒப்பிடுவதும் எப்படி ஒரு சாஸ்திரமாயிற்று என்ற வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் சென்னை நகரத்திலேயே நிகழ்ந்தது. அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

1884-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், கல்கத்தாவில் தங்கியிருந்து, காலராவால் மாண்டவர்களின் குடலில் கால்புள்ளி வடிவமான ஒரு கிருமியைத் தவறாமல் கண்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் பாச்சினி அதைக் கண்டு எழுதியிருந்தும் உலகம் செவிசாய்க்கவில்லை என்பது வேறு கதை. குடலில் வாழும் இக்கிருமி ஒரு விஷத்தைச் சுரக்க வேண்டும் என்று கோக் ஊகித்தார். ஆனால் அந்த விஷத்தை ஒருவர் பிடித்துக் காட்டுவதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. காட்டியவர் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சம்பு நாத் டே.

அவர் செய்த பரிசோதனையின் எளிமை வியக்கத்தக்கது. பிறர் காலராக் கிருமியைப் பிராணிகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்து ஏமாந்துகொண்டிருக்க, இது குடலின் நோயாயிற்றே, குடலுக்குள் அல்லவா செலுத்திப் பார்க்க வேண்டும் என்று அவர் எண்ணினார். மயக்கம் கொடுத்த முயலின் சிறுகுடலில், சிறிது இடைவெளிவிட்டு இரண்டு இடங்களில் நூலால் கட்டி, நடுவிலுள்ள பகுதியில் கிருமியைச் செலுத்தி, குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டு, மறுநாள் திறந்து பார்த்தபோது, கட்டிய பகுதி மட்டும் நீர் நிரம்பிய தோற்பை போல் விம்மியிருந்தது. அதன் பின்னர், கிருமி வளர்ந்த திரவத்தை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, ஒரு கிருமிகூட இல்லாத அந்தத் தெளிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் விம்மிற்று. கிருமி இல்லாமலே நோய் வந்துவிட்டது. ஆகவே நோயைச் செய்வது கிருமி வெளியிட்ட பொருள். 1959 மே 30-ஆம் தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், டேயின் பெயரை அப்பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை முன்மொழிந்தார். 1985-இல் டே காலமாகும்வரை தாய்நாட்டில் அவருக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. இதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அந்நஞ்சு செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது ஏ என்றும் பி என்றும் இருவகைத் துண்டுகளாலான புரதம். ஐந்து பி துண்டுகள் வளையமாகச் சேர்ந்து குடலின் உட்சுவர் அணுவைப் பற்றிக்கொள்ள, ஏ துண்டு உள்ளே நுழைந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றும் மடையை மூட முடியாதபடி திறந்து வைத்துவிடுகிறது. பிறகு அரிசி கழுவிய நீர் போல் வயிற்றோட்டம் பாய்கிறது. கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர்வரை இழப்பதுண்டு. ஏ துண்டைச் செய்யும் கட்டளை ஒரு மரபணுவிலும், பி துண்டைச் செய்யும் கட்டளை அதை ஒட்டியே நிற்கும் இன்னொரு மரபணுவிலும் உள்ளன.

இனிச் சென்னைக்கு வருவோம். 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதி. காலராவைக் கண்டறிய அப்போது எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கையாண்ட முறை ஒன்றுதான்: நோயாளியின் மலத்திலிருந்து கிருமியை வளர்ப்பார்கள், பச்சை நிறமான ஊட்டத் தட்டில் அது மஞ்சள் பொட்டுகளாக முளைக்கும், ஒரு பொட்டைத் தொட்டெடுத்து, கண்ணாடித் தகட்டில் சீரத்துளி ஒன்றோடு கலந்து மெல்ல அசைப்பார்கள். துளி, பால் திரிவதுபோல் திரிந்தால் அது ‘ஓ-1’ வகை, அதாவது மெய்யான காலரா. திரியாமல் கலங்கலாகவே நின்றால் பிற வகை, அவ்வளவாக அஞ்ச வேண்டாதது. ‘ஓ’ என்பது கிருமியின் மேலுறையைக் குறிக்கும் எழுத்து. அதுவரை 138 உறை வகைகள் பட்டியலிடப்பட்டிருந்தன. கொள்ளைநோயாகக் கிளம்பியது முதல் வகை ஒன்றே என்பது வைத்திய உலகத்தின் திடமான கொள்கை.

அந்தப் பருவத்தில் சென்னையில் சீரத்துளி திரியவில்லை. ஆனால் படுக்கைகளில் கிடந்தவர்களுக்கு வந்திருந்தது சந்தேகமற்ற காலரா. வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இதே விசித்திரத்தைக் கண்டார்கள். வழக்கமாகக் காலரா நிலைத்திருக்கும் ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி ஏற்பட்டிருக்கும். குழந்தைகளே அதிகம் துன்புறுவார்கள். இப்புதிய நோயோ திடகாத்திரமான பெரியவர்களையும் வீழ்த்திற்று. அவர்களின் உடல் இதை முன்பின் அறியாதது என்பதற்கு அதுவே சாட்சி. 1993-இன் தொடக்கத்தில் அது கல்கத்தாவிலும் வங்காள தேசத்திலும் பரவிவிட்டது.

அப்போதுதான், கண்ணாடித் தகட்டின் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு, கிருமியின் உள்ளே எழுதப்பட்டிருப்பதைப் படித்தார்கள். கல்கத்தாவிலுள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனத்தினரும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும் அம்மாதிரிகளில் நச்சு மரபணுவைத் தேடியபோது, அது அங்கே முழுமையாக இருந்தது. பிற மரபணுக்களையும் ஒப்பிட்டு வந்தபோது, இந்தப் ‘புதிய’ கிருமி புதியதே அன்று, 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் கிளம்பி உலகைச் சுற்றிவந்த ‘எல் டோர்’ காலராவின் நெருங்கிய உறவே என்று தெரிந்தது. உறையைச் செய்யும் மரபணுத் தொகுதி மட்டும் பெயர்ந்துபோய், அவ்விடத்தில் வேறொரு தொகுதி வந்து அமர்ந்திருந்தது. பாம்பு சட்டையை உரித்துவிட்டது. நஞ்சுப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டையைப் பார்த்தே பாம்பை அறியப் பழகியவர்கள் அதனால்தான் திகைத்தார்கள்.

டோக்கியோவில் அதற்கு 139-ஆம் எண் தரப்பட்டு, வங்கக் கடலோரத்தில் தோன்றியதால் ‘பெங்கால்’ என்ற பெயரும் சேர்ந்தது. 1992-இல் சென்னையில் எடுக்கப்பட்ட மாதிரிகளுள் எம்.ஓ. 45, எம்.ஓ. 10 என்ற இரண்டும் இன்றும் உலகத்தின் ஆராய்ச்சிக் கூடங்களில் ஒப்புநோக்குவதற்குரிய மூலப் பிரதிகளாகப் பேணப்படுகின்றன. பல மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் ஆற்றலை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் எஸ்.எக்ஸ்.டி. என்ற மரபணுத் துண்டு முதன்முதலில் அறியப்பட்டதும் இந்த எம்.ஓ. 10-இலிருந்துதான். எட்டாவது உலகக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டது என்றுகூட அன்று அஞ்சினார்கள். நல்வேளையாக, ஓரிரு ஆண்டுகளில் ‘எல் டோர்’ மீண்டும் தலையெடுக்க, 139 பின்வாங்கிற்று.

இவ்வளவு பொல்லாத மரபணு காலராக் கிருமிக்கு எங்கிருந்து வந்தது? 1996-இல் மாத்யூ வால்டரும் ஜான் மெக்கலனோஸும் இதற்கு விடை கண்டார்கள். கிருமிகளுக்கும் வைரஸ் தொற்று உண்டு. நூலிழை போன்ற ஒரு வைரஸ், தன் உடைமைகளோடு நச்சு மரபணுக்களையும் சுமந்துகொண்டு வந்து, காலராக் கிருமியின் கட்டளைகளெல்லாம் எழுதப்பட்ட மரபுநூலில் தன்னையே செருகிக்கொள்கிறது. வைரஸ் வந்து சேராத காலராக் கிருமிகள் கழிமுகங்களிலும் குளங்களிலும் கணக்கின்றி வாழ்கின்றன. அவற்றால் கொள்ளைநோய் உண்டாவதில்லை. இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலை 1951-இலேயே தொண்டை அடைப்பான் கிருமியில் விக்டர் ஃப்ரீமன் கண்டிருந்தார். அந்நோயின் நஞ்சும் வைரஸ் கொண்டுவந்து கொடுத்த சொத்துதான். வெலிங்டனிலிருந்து சிறிது தூரத்தில், குன்னூர் சிம்ஸ் பூங்காவின் அருகே, 1907 முதல் இயங்கி வரும் பாஸ்டர் ஸ்தாபனம், வெறிநாய்க்கடி மருந்தோடு தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பு மருந்தையும் செய்து வந்திருப்பதை இம்மலை மக்கள் அறிவார்கள். அதில் தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் உரிய பாகங்கள், கிருமி செய்த நஞ்சையே கொடுமை நீக்கிப் பக்குவப்படுத்தியவை. பகை கிருமியோடு மட்டுமன்று, நஞ்சோடு என்ற உண்மையை அந்தச் சிறு மருந்துக் குப்பி சொல்லாமல் சொல்கிறது.

நஞ்சு இவ்வாறு கைமாறும் என்பதைக் காட்ட, நம் அஞ்சறைப் பெட்டியிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் வட ஜெர்மனியில் இரத்தபேதியும், அதைத் தொடர்ந்து சிறுநீரகச் செயலிழப்பும் பரவின. ஏறக்குறைய நாலாயிரம் பேர் நோயுற்று, ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காயின்மேல் பழி விழுந்து, ஸ்பெயின் நாட்டு விவசாயிகள் பெரும் நஷ்டமடைந்தார்கள். கடைசியில் குற்றவாளியாகத் தெரியவந்தது, எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயத்தை முளைகட்டிப் பச்சையாகத் தின்றது. அந்த வெந்தயத்தில் ஒட்டியிருந்தது ஈ-கோலி இனத்தில் ‘ஓ-104’ என்னும் வகை. அதுவரை அரிதாகவே காணப்பட்டது. ஷிகா என்னும் நஞ்சின் மரபணுவைச் சுமந்த ஒரு வைரஸ் அதனுள் குடியேறியிருந்தது. சில நாட்களுக்குள் ஜெர்மானிய, சீன விஞ்ஞானிகள் அதன் மரபுநூல் முழுவதையும் படித்து, இதை உலகுக்கு அறிவித்தார்கள். இங்கே பெயரறிவு போதாமற்போனதோடு, வைத்தியமுமே மாறுகிறது: ஷிகா நஞ்சு செய்யும் கிருமிக்குச் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கொடுத்தால், சாகும் தறுவாயில் அது இன்னும் அதிக நஞ்சை வெளியிடக்கூடும் என்பதால், வைத்தியர் மிகவும் தயங்குவார். எந்த மரபணு என்று அறிவது ஏட்டுச் சுரைக்காயான சமாசாரம் அன்று. மருந்து கொடுப்பதா, கொடுக்காமலிருப்பதா என்பதே அதைப் பொறுத்திருக்கிறது.

காலராவும் ஷிகாவும் வயிற்றுக்குள் போனபின் நஞ்சு செய்பவை. வேறு சில கிருமிகளோ அடுப்படியிலேயே செய்து வைத்துவிடுகின்றன. சமையற்காரரின் விரலில் உள்ள சிறு கொப்புளத்திலிருந்து ஸ்டபிலோகாக்கஸ் என்ற கிருமி, தாளித்து ஆறவைத்த பண்டத்தில் இறங்கி, வெதுவெதுப்பில் பல்கி, நஞ்சைக் கக்குகிறது. பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கிருமி சாகுமே தவிர நஞ்சு எளிதில் அழியாது. இதன் முக்கியமான ஒரு நஞ்சின் மரபணுவும் வைரஸ் தந்ததே. சோற்றிலோ பேசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் அரிசியோடு உலையில் கொதித்தும் சாவதில்லை. வெலிங்டன் குளிரில் உணவு கெடாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வீட்டுப் பானைக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் கல்யாணத்துக்கு வடித்த பெரிய அண்டாச் சோற்றைப் பாருங்கள்: மேற்பரப்பு சில்லிட்டுக் காய்ந்திருக்கும், கரண்டியை நடுவில் இறக்கினால் நான்கு மணி நேரம் கழித்தும் ஆவி வரும். அந்த இளஞ்சூட்டில்தான் வித்து முளைக்கிறது. அச்சோற்றை மறுநாள் எலுமிச்சை பிழிந்து தாளித்துப் பரிமாறினால், உண்டவர்கள் பந்தியிலிருந்து எழுந்த சில மணி நேரத்துக்குள் வாந்தியெடுக்க, “சாப்பாட்டில் பல்லி விழுந்துவிட்டது” என்று ஊர் பேசும். பல்லியின்மேல் எத்தனை பழி!

இனி, மரபணுவைத் தேடும் முறையைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். வளர்த்த கிருமியைச் சிறிது நீரில் கலந்து கொதிக்கவைத்தாலே அதன் உறை உடைந்து, மரபுநூலாகிய டி.என்.ஏ. வெளியே வந்துவிடும். ஒரு காலராக் கிருமியின் மரபுநூல், 2000-ஆம் ஆண்டில் முழுவதும் படிக்கப்பட்டபோது, 40,33,460 எழுத்துகள் கொண்டதாக இருந்தது. நான்கே எழுத்துகள் மாறி மாறி எழுதிய மகா கிரந்தம். அதில் நச்சு மரபணு சில நூறு எழுத்துகளே. அதைக் கண்டெடுப்பதற்கு, 1983-இல் கேரி முல்லிஸ் என்பவர் சிந்தித்த பி.சி.ஆர். முறை கைகொடுக்கிறது. நாம் தேடும் மரபணுவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பொருந்தக்கூடிய இருபது எழுத்தளவான இரண்டு குறுந்துண்டுகளைச் செய்து, குழாயில் இடுகிறார்கள். குழாய் ஏறக்குறைய 95 பாகைக்குச் சூடேறும்போது இரட்டை இழை பிரிகிறது. 55 பாகை அளவுக்குத் தணியும்போது குறுந்துண்டு தனக்குரிய இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்கிறது. 72 பாகையில் ஒரு நொதி அங்கிருந்து தொடங்கிப் பிரதி எழுதுகிறது. தேடிய மரபணு இல்லையேல் துண்டுகள் ஒட்ட இடமின்றி வீணே மிதக்கும். இருந்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, முப்பது சுற்றில் நூற்றேழு கோடிக்கு மேல் பெருகிவிடும்.

பெருகியதைக் கண்ணால் காண்பது, அகரோஸ் என்ற கட்டிக்கூழில். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் முங்கியெடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் கிடைக்கிறதே, நோன்புக் காலத்தில் இஸ்லாமிய வீடுகளில் நாவுக்கு இதமாகச் செய்கிறார்களே கடல்பாசி, அந்தக் குலத்தைச் சேர்ந்த பொருள்தான் இது. தெளிந்த அந்தக் கூழின் ஓரத்தில் சிறு குழிகளில் மாதிரியை ஊற்றி மின்சாரம் செலுத்தினால், டி.என்.ஏ. நேர்மின் முனையை நோக்கி நகரும்; சிறிய துண்டு முந்தும், பெரியது பிந்தும். பிறகு சாயமேற்றிப் புறஊதா ஒளியில் பார்த்தால், இருட்டில் ஒரு மெல்லிய கோடு பளிச்சிடும். டேயின் முயல்குடல் ஒரு நாள் முழுவதும் எடுத்துச் சொன்ன செய்தியை, அந்தக் கோடு சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது, உயிர்ப்பிராணியும் தப்பியது.

மரபணு இருக்கிறதா என்பது முதற்கேள்வி. எந்தப் பாடபேதத்தோடு இருக்கிறது என்பது அடுத்தது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுப் பதிப்பித்த நம் புலவர்களுக்கு இவ்வேலை அந்நியமாகத் தோன்றாது. இரண்டு பிரதிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், ஒன்றைப் பார்த்தே மற்றது எழுதப்பட்டது என்று அவர்கள் தீர்மானிப்பார்களல்லவா? காலரா நஞ்சின் பி துண்டைக் குறிப்பவை 309 எழுத்துகள். பழைய வகைக் காலராவுக்கும் எல் டோருக்கும் அவற்றில் 115-ஆம் எழுத்தும் 203-ஆம் எழுத்தும் மாறுபடுகின்றன. அவ்விரண்டால் புரதத்தின் 39-ஆம், 68-ஆம் இடங்கள் மாறுகின்றன. காலப்போக்கில் எல் டோரின் உடலிலேயே பழைய காலராவின் நஞ்சு வந்து சேர்ந்ததை இந்த இரண்டு எழுத்துகளே காட்டிக்கொடுத்தன. பின்பு 58-ஆம் எழுத்தும் மாறிய ஒரு பிரதி, கல்கத்தாவின் மாதிரிகளில் 2006 முதல் காணப்படலாயிற்று.

அந்த ஓரெழுத்து எத்தனை தூரம் போயிற்று என்று பாருங்கள். 2010 ஜனவரியில் பூகம்பத்தால் சிதைந்த ஹைதி நாட்டில், அதுவரை அறியப்படாத காலரா அக்டோபரில் திடீரெனக் கிளம்பி, பிற்பாடு எட்டு லட்சம் பேரைப் பீடித்து, பத்தாயிரம் பேரளவில் கொன்றது. பக்கத்துக் கடல்நீரிலிருந்து வந்தது என்றனர் சிலர். மரபுநூலை ஒப்பிட்டபோது, கல்கத்தாவில் கண்ட அதே பாடபேதம் அதில் இருந்தது. முழுநூலையும் வைத்துப் பார்த்தபோது, அவ்வாண்டு நேபாளத்தில் பரவிய கிருமியோடு அது ஓரிரு எழுத்துகள் தவிர முற்றிலும் ஒத்துப்போயிற்று. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையில் நேபாளத்திலிருந்து சென்றவர்களின் முகாமும், அதன் கழிவு கலந்த ஆறும் தொடக்கமாயின என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. ஒரு முகாமின் கழிநீர்க் குழி ஒரு தேசத்தையே துன்பத்தில் ஆழ்த்திய கதை, பாசறை ஊரில் வசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று ஆழமாகவே உறைக்கிறது.

நோயை மரபணுவின் வழியே அணுகுவது வெலிங்டனுக்கு முற்றிலும் புதியதன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1954 முதல் இங்கு நடத்தி வரும் கோதுமை நிலையத்தில், துருநோயைத் தாங்கும் மரபணுக்களைக் கோதுமையில் சேர்க்கும் பணி நடந்து வருகிறது. கோடைகாலத்தில் சமவெளியில் மடிந்துபோகும் துருப்பூஞ்சை, இம்மலைகளின் குளிரில் பிழைத்திருந்து, பருவம் வந்ததும் காற்றோடு வடக்கே செல்கிறது என்று கே. சி. மேத்தா என்ற அறிஞர் முன்பே நிறுவியிருந்தார். நோய்க்கு அஞ்சி மனிதர் ஏறிய மலையிலேயே, பயிரின் நோயும் ஒளிந்து வாழ்ந்தது.

மரபணுப் பரிசோதனை சொல்வதையெல்லாம் வேதவாக்காகக் கொள்வதும் தவறு. கட்டளை எழுதப்பட்டிருப்பதனாலேயே அது நிறைவேற்றப்பட்டதாக அர்த்தமில்லை. மரபணு இருந்தும் நஞ்சு செய்யாத கிருமிகள் உண்டு. செத்துப்போன கிருமியின் டி.என்.ஏ.யும் கோட்டைக் காட்டும். ஆனால் சில சமயம் இந்தக் குறையே நமக்கு உதவுகிறது: மறுபடி கொதிக்கவைத்த குழம்பில் ஸ்டபிலோகாக்கஸ் எல்லாம் மாண்டுபோய், தட்டில் வளர்க்க ஒன்றும் மிஞ்சாதபோது, அதன் மரபணு மிஞ்சியிருந்து சாட்சி சொல்லும். ஆகையால் நல்ல ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்தும், மரபணுவைத் தேடியும், நஞ்சையே நேரில் அளந்தும் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு கூறுவார்கள்.

அதற்கு அவர்கள் கையில் இரண்டு பொருள்கள் வேண்டும்: நோயாளியிடமிருந்து எடுத்தது ஒன்று, அவர் உண்ட உணவிலிருந்து எடுத்தது மற்றொன்று. இரண்டிலும் ஒரே மரபணு, ஒரே எழுத்தமைப்போடு இருந்தால் அல்லவா, இந்த உணவினால்தான் இந்நோய் என்று சொல்ல முடியும்? நம் ஊர்களில் நடப்பதோ நேர்மாறு. விருந்தில் நாலு பேர் வாந்தியெடுத்தார்கள் என்றதும், மானத்துக்கு அஞ்சி, மிச்சமிருப்பதையெல்லாம் குழியில் கொட்டி, பாத்திரங்களைப் புளிபோட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறோம். சுகாதார ஆய்வாளர் வரும்போது அவருக்குக் காட்டக் கழுவிய அண்டாவே இருக்கிறது. அடுத்த விருந்தில் அதே தவறு அதே கையால் நிகழ்வதற்கு இப்படி நாமே வழி செய்கிறோம்.

கல்யாணமோ, அன்னதானமோ, எஸ்டேட் கோயில் திருவிழாவோ, விடுதிச் சாப்பாடோ, பலருக்காகச் சமைக்கிறவர்களை நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்வது இதுதான். பரிமாறத் தொடங்கும்போதே ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கைப்பிடியளவு, சுத்தமான கரண்டியால் எடுத்து, வெந்நீரில் அலசி உலர்த்திய தனித்தனி டப்பாக்களில் மூடி, நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டி, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாட்களுக்குத் தொடாமல் வையுங்கள். எவருக்கேனும் வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டால், உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆன்டிபயாட்டிக் மருந்து தொடங்குமுன் மல மாதிரி எடுக்கும்படி வைத்தியரைக் கேளுங்கள். அந்த டப்பாக்களை ஒளிக்காமல் சுகாதார ஆய்வாளரின் கையில் கொடுங்கள்.